ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்அப்பைப் பார்த்து நகல் தொடங்குவது எப்படி: எடுக்கக்கூடியவையும் தொடக் கூடாதவையும்

வேறோர் ஊரில் ஓடிக் காட்டிய இணையத் தொழிலைப் பார்த்து அதே போன்ற ஒன்றைத் தொடங்க நினைப்பவர், பெயர் தேடுவதற்கும் டெவலப்பர் தேடுவதற்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்: இதை நாமே நடத்தப் போகிறோமா, அசல் நிறுவனத்தின் தலையில் கட்டிவிட்டு வெளியேறப் போகிறோமா? இரண்டுமே தொழில்தான், இரண்டிலும் பணம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எதை நகலெடுப்பது, யாரை வேலைக்கு எடுப்பது, எவ்வளவு கடன் வாங்குவது என்று பின்னால் வரும் அத்தனை முடிவுகளும் இந்த விடையைப் பொறுத்தே மாறும்.

நகலெடுப்பதே இழிவு என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தெருவில் பிரியாணிக் கடை நன்றாக ஓடினால் எதிர்ச்சாரியில் இன்னொன்று முளைப்பதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. முதல் கடையின் பெயர்ப்பலகையைப் போலவே ஒன்றை எழுதி மாட்டினால்தான் சண்டை வருகிறது. இணையத் தொழிலில் இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்பது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிவதில்லை என்பதால்தான் இத்தனை வழக்குகளும் வசைகளும்.

விற்பதற்காகக் கட்டுவது

இந்த வழியைத் தொழிற்சாலை போல நடத்திக் காட்டியவர்கள் ஜெர்மனியின் சாம்வர் சகோதரர்களான மார்க், ஆலிவர், அலெக்சாண்டர் ஆகிய மூவர். 1999இல் இபேயைப் பார்த்து அலாண்டோ என்ற ஏலத் தளத்தை ஜெர்மன் மொழியில் தொடங்கி, சில மாதங்களுக்குள் அதை இபேயிடமே 4 கோடி டாலருக்கும் மேலான மதிப்புக்கு விற்றார்கள். 2007இல் பெர்லினில் ராக்கெட் இன்டர்நெட் நிறுவனத்தைத் தொடங்கி இதையே வழக்கமாக்கினார்கள். தள்ளுபடிக் கூப்பன் விற்கும் அமெரிக்கத் தளமான குரூப்பானைப் பார்த்து எழுந்த சிட்டிடீல், ஐரோப்பாவின் 16 நாடுகளில் பரவிய நிலையில், தொடங்கிய அரை ஆண்டுக்குள், 2010 மே மாதத்தில் குரூப்பானிடமே போய்ச் சேர்ந்தது. அசல் நிறுவனம் கடல் தாண்டி வருவதற்குள் அந்தச் சந்தையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை வாங்கினால் உங்களுக்கு இரண்டு ஆண்டுகள் மிச்சம்" என்று பேரம் பேசுவதே இதன் சூட்சுமம்.

இந்த வழியின் பலவீனம் அதன் கணக்கிலேயே இருக்கிறது. வாங்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். அவர் வேண்டாம் என்றால் கையில் இருப்பது நடத்துவதற்கு ஆள் இல்லாத ஒரு நிறுவனம். வீட்டு அறைகளை வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியைப் பார்த்து 2011இல் ராக்கெட் தொடங்கிய விம்டு அப்படித்தான் மாட்டிக்கொண்டது. அதற்கு வந்த முதலீடு 9 கோடி டாலர். அந்த நேரத்தில் ஏர்பிஎன்பியே அதுவரை திரட்டியிருந்த தொகை அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. இருந்தும் ஏர்பிஎன்பியின் நிறுவனர் பிரையன் செஸ்கியும் அவருடைய கூட்டாளிகளும் விம்டுவை வாங்க மறுத்தார்கள். நீண்ட நாள் நடத்தும் விருப்பம் இல்லாதவர்களுக்குப் பெரிய தண்டனையே அவர்கள் கட்டியதை அவர்களே நடத்த விடுவதுதான் என்பது செஸ்கி பிற்பாடு சொன்ன காரணம். ஏர்பிஎன்பி அக்கோலியோ என்ற வேறொரு சிறிய ஜெர்மன் நிறுவனத்தை வாங்கி ஐரோப்பாவுக்குள் நுழைந்தது. விம்டு கை மாறி, 2018இல் மூடப்பட்டது.

ராக்கெட்டின் பங்குகளை 2014 அக்டோபரில் 42.50 யூரோவுக்கு வாங்கிய பொதுமக்களுக்கு, 2020இல் நிறுவனம் பங்குச் சந்தையை விட்டு வெளியேறியபோது தரப்பட்ட விலை 18.57 யூரோ. சகோதரர்கள் பணக்காரர்களாகவே இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விற்பதற்காகக் கட்டப்படும் நகலில் இழப்பு யார் தலையில் விழுகிறது என்பதை முதலீட்டாளரும் ஊழியரும் முன்கூட்டியே அறிந்திருப்பது நியாயம். இந்தத் திட்டத்துடன் தொடங்குபவர் அதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு மேல் நான் எழுதுவது பெரும்பாலும் நடத்துவதற்காகக் கட்டுபவருக்கானது.

எதை நகலெடுக்கப் போகிறோம் என்று பார்ப்பது

செயலியின் திரைகளைப் பார்த்து ஒரு தொழிலைப் புரிந்துகொள்ள முடியாது. திரைக்குப் பின்னால் ஓடும் கணக்கைத்தான் முதலில் எடுக்க வேண்டும், அதற்குத் திருட வேண்டியதும் இல்லை. பங்குச் சந்தைக்கு வரும் ஒவ்வொரு நிறுவனமும் தன் வருமானம் எங்கிருந்து வருகிறது, எதற்கெல்லாம் செலவாகிறது, எந்த ஆபத்துகளைக் கண்டு அஞ்சுகிறது என்பதையெல்லாம் தன் விவரக்குறிப்பு ஆவணத்தில் எழுதியே ஆக வேண்டும். 2021இல் பட்டியலிடப்பட்ட சொமேட்டோவின் ஆவணமும், 2024இல் பட்டியலிடப்பட்ட ஸ்விக்கியின் ஆவணமும் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் 'ஆபத்துக் காரணிகள்' என்ற பகுதியைப் பொறுமையாகப் படிப்பவருக்கு, ஒரு மேலாண்மைப் படிப்பில் கிடைப்பதைவிட அதிகம் கிடைக்கும்.

அதன் பிறகு ஒரே ஒரு பரிவர்த்தனையை எடுத்துக் காகிதத்தில் கணக்குப் போட வேண்டும். உணவு டெலிவரியை வைத்து ஒரு கற்பனைக் கணக்கு, ஜிஎஸ்டியைச் சேர்க்காமல்: பெருநகரில் சராசரி ஆர்டர் 300 ரூபாய். கடையிடம் 20 சதவீதக் கமிஷன் 60 ரூபாய், வாடிக்கையாளர் தரும் டெலிவரிக் கட்டணம் 25 ரூபாய், ஆக வரவு 85. டெலிவரி ஊழியருக்கு 50, பேமென்ட் கேட்வேக்கு 6, வாடிக்கையாளர் சேவைக்கும் பணத்தைத் திருப்பித் தருவதற்கும் 10, தள்ளுபடிக்கு 30, ஆக செலவு 96. ஒவ்வோர் ஆர்டருக்கும் 11 ரூபாய் நட்டம். இதையே ஒரு சிறு நகரத்துக்குக் கொண்டுபோனால் சராசரி ஆர்டர் 180 ரூபாயாகச் சுருங்குகிறது. கமிஷன் 36, கட்டணம் 20, ஆக வரவு 56. தூரம் குறைவு என்பதால் ஊழியருக்கு 40, கேட்வேக்கு 4, சேவைக்கு 6, ஆக 50. தள்ளுபடி தராவிட்டால் 6 ரூபாய் மிஞ்சும், பெருநகரத்தைப் பார்த்து அதே 30 ரூபாய்த் தள்ளுபடியைத் தந்தால் 24 ரூபாய் போய்விடும். ஆகவே அந்த ஊரில் தொழில் நிற்குமா என்பது, தள்ளுபடி இல்லாமல் மக்கள் ஆர்டர் செய்வார்களா என்ற ஒரே கேள்வியில் தொங்குகிறது. அதைச் சோதிக்கச் செயலி தேவையில்லை; ஒரு வாட்ஸ்அப் எண், நாலைந்து கடைகள், பைக் வைத்திருக்கும் ஓரிருவர் போதும்.

அசல் நிறுவனம் எந்த மண்ணில் வளர்ந்ததோ அந்த மண்ணின் வசதிகள் அதன் வடிவத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து நம் ஊரில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவின் ஜாப்போஸைப் பார்த்துச் செருப்பும் காலணியும் விற்கத் தொடங்கிய ஜெர்மனியின் ஜலாண்டோ, பொருள் வந்து சேர்ந்த பிறகு பில்லைப் பார்த்துப் பணம் அனுப்பும் அந்நாட்டு வழக்கத்தை ஏற்றுக்கொண்டது. இந்தியாவில் கிரெடிட் கார்டு பரவலாக இல்லாத 2010இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்தது. அமேசானில் வேலை பார்த்துவிட்டு வந்த இருவர் தொடங்கிய அந்த நிறுவனத்தை அமேசானின் நகல் என்று சொன்னவர்கள்கூட இந்த ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதை மறுக்கவில்லை. ஊபர் இந்தியாவுக்கு வந்த பிறகும் கார்டைப் பிடித்துக்கொண்டே இருந்தது. 2015இல்தான் ஹைதராபாத்தில் ரொக்கம் வாங்கிப் பார்த்தது. ஓலாவின் வண்டிகளில் அதற்கு முன்பிருந்தே ரொக்கம் வாங்கினார்கள். அசலே நகலைப் பார்த்துக் கற்றுக்கொண்ட இத்தகைய இடங்களில்தான் நகல் தன் சொந்தக் காலில் நிற்கத் தொடங்குகிறது.

சட்டம் எதை விடுகிறது, எதைப் பிடிக்கிறது

எண்ணத்துக்கு உரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே உரிமை உண்டு என்பது பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படை. ஒரு நாடகத்தைத் திரைப்படமாக நகலெடுத்ததாக எழுந்த ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1978இல் இதைத் தெளிவாக வகுத்தது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பின் வரிசையில் வைக்கிறது. எனவே 'வீட்டு அறையை வாடகைக்கு விடும் தளம்' என்ற எண்ணத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அசலின் நிரல், புகைப்படங்கள், ஐகான்கள், உதவிப் பக்கத்தில் எழுதப்பட்ட வாக்கியங்கள் ஆகியவற்றை எடுக்க முடியாது. எல்லை மங்கும் இடங்களும் உண்டு. டெட்ரிஸ் விளையாட்டை அச்சாகப் பின்பற்றிய சியோ என்ற நிறுவனம், விதிகளைத்தான் எடுத்தோம் என்று வாதிட்டது. காய்களின் உருவம், பலகையின் அளவு என்று தோற்றத்தை அப்படியே எடுத்தது மீறலே என்று 2012இல் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காப்புரிமை வேறு கதை. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(கே) பிரிவின்படி வணிக முறைக்கும், கணினி நிரல் என்ற அளவில் மட்டும் நிற்பதற்கும் இந்தியாவில் காப்புரிமை கிடையாது. அமெரிக்காவில் வாடிக்கையாளர் இருந்தால் அந்த நிம்மதி செல்லாது: ஒரே கிளிக்கில் வாங்கும் முறைக்கு 1999இல் காப்புரிமை பெற்ற அமேசான், அடுத்த சில வாரங்களிலேயே புத்தக விற்பனை நிறுவனமான பார்ன்ஸ் அண்ட் நோபிள் மீது வழக்குப் போட்டது, அந்தக் காப்புரிமை 2017 வரை உயிரோடு இருந்தது.

பெயரில் விளையாடுவதுதான் நகல் நிறுவனங்கள் அதிகம் அடிபடும் இடம். டொமைன் பெயருக்கும் வணிகக்குறியின் பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுபுறம், புக்மைஷோ தொடர்ந்த வழக்கில் 'புக்மைஸ்போர்ட்ஸ்' என்ற பெயருக்குத் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் 2017இல் மறுத்தது, ஏனென்றால் 'புக்மை' என்பது செய்யும் வேலையைச் சொல்லும் பொதுச் சொற்களாகவே கருதப்பட்டது. இந்தத் தீர்ப்பைக் காட்டித் துணிவு கொள்பவர்களுக்கு என் ஆலோசனை, வேறு பெயர் வையுங்கள் என்பதுதான். வழக்கில் ஜெயித்தாலும் இரண்டு ஆண்டு வக்கீல் ஃபீஸைத் தாங்கும் நகல் நிறுவனங்கள் குறைவு.

நடைமுறையில் சுத்தமாக வேலை செய்ய ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. அசலைப் பயன்படுத்திப் பார்ப்பவர் ஒருவர், நிரல் எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்துவிட வேண்டும். முதலாமவர் "வாடிக்கையாளர் தேதியைத் தருகிறார், காலியாக உள்ள அறைகள் விலையுடன் வருகின்றன, உரிமையாளர் ஒப்புக்கொண்ட பின்பே பணம் பிடிக்கப்படுகிறது" என்ற அளவில் செயல்களை மட்டும் சொற்களால் எழுதித் தர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் ஒட்டக் கூடாது. இரண்டாமவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு கட்ட வேண்டும். குறிப்புகளைத் தேதியோடு சேமித்து வைத்தால், நாளை யாராவது கேட்கும்போது எதையும் நினைவிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது. 'இன்ன செயலியின் குளோன்' என்று ரெடிமேடாக விற்கப்படும் நிரல்களை வாங்குவதில் சிக்கனம் இருக்கலாம். ஆனால் உள்ளே யாருடைய நிரல், எந்த உரிமத்தில் கிடக்கிறது என்று விற்பவர் எழுத்தில் தராவிட்டால் அந்தச் சிக்கனம் வேண்டாம்.

விதிமுறைகள் பக்கத்தையும் தனியுரிமைக் கொள்கையையும் காப்பியடிப்பது பலருக்குக் குற்றமாகவே தோன்றுவதில்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே கிளை இல்லாத நிறுவனம், தகராறு வந்தால் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்ள வாடிக்கையாளர் சம்மதிப்பதாக எழுதி வைத்திருக்கும் வேடிக்கை இப்படித்தான் நேர்கிறது.

அசலின் தளத்திலிருந்து கடைக்காரர்கள் பட்டியலையும் விமர்சனங்களையும் தானியங்கி நிரல் கொண்டு உறிஞ்சுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆவது பிரிவுக்குள் விழக்கூடியது. அனுமதியின்றித் தரவை நகலெடுத்தால் இழப்பீடு தர வேண்டியிருக்கும். அசல் நிறுவனத்தின் ஊழியரை வேலைக்கு எடுப்பதில் தடையில்லை, போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவின் முன் பெரும்பாலும் நிற்பதில்லை. அவர் தலைக்குள் இருக்கும் அனுபவம் அவருடையது. அவருடைய மடிக்கணினியில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியல் அவருடையதன்று. சேரும் நாளிலேயே, பழைய நிறுவனத்தின் கோப்பு எதையும் கொண்டுவரவில்லை என்று கையெழுத்து வாங்குவது இருவருக்கும் பாதுகாப்பு. சென்னையில் பிறந்த இரண்டு பெரிய மென்பொருள் நிறுவனங்களுக்கு இடையிலேயே இத்தகைய வழக்கு வந்தது: ஜோஹோவின் ரகசியத் தகவல்கள் பயன்படுத்தப்பட்டதாக 2020இல் அமெரிக்காவில் ஃப்ரெஷ்வொர்க்ஸ் மீது வழக்குத் தொடரப்பட்டு, அடுத்த ஆண்டு சமரசத்தில் முடிந்தது.

சட்டம் பேசாத இடம்

மூன்று பேர் கொண்ட சிறு நிறுவனம் பெரிய நிறுவனத்தைப் பார்த்துச் செய்வதும், பெரிய நிறுவனம் சிறியதைப் பார்த்துச் செய்வதும் எனக்கு ஒன்றாகத் தோன்றுவதில்லை. ஸ்னாப்சாட்டின் 'ஸ்டோரிஸ்' வடிவத்தை 2016இல் இன்ஸ்டாகிராம் எடுத்துக்கொண்டபோது, அதற்கான பெருமை முழுவதும் ஸ்னாப்சாட்டுக்கே என்று இன்ஸ்டாகிராமின் நிறுவனர்களில் ஒருவரான கெவின் சிஸ்ட்ரோம் வெளிப்படையாகச் சொன்னார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது, ஆனால் ஸ்னாப்சாட்டின் வளர்ச்சி தேங்கியதை அது மாற்றவில்லை. நம்பி ஒப்படைக்கப்பட்ட தகவலைக் கொண்டு நகலெடுப்பது இன்னும் மோசமானது. தன் தளத்தில் விற்பவர்களின் பொதுவெளியில் இல்லாத தரவைத் தன் சில்லறை வியாபாரத்துக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று அமேசான் 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையத்திடம் உறுதி கொடுக்க நேர்ந்தது இந்தக் கவலையால்தான். நீங்கள் நடத்துவது சந்தைத் தளம் என்றால், உங்கள் கடைக்காரர்களுக்கு அதே உறுதியை முதல் நாளிலேயே ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். அசல் நிறுவனங்கள் தயங்கும் இடம் இது. செலவில்லாமல் அவர்களை முந்தலாம்.

முதலீட்டாளரிடம் "இது இன்ன நிறுவனத்தின் இந்திய வடிவம்" என்று சொல்வதில் வெட்கம் வேண்டாம், மறைத்தால்தான் வெட்கம். ஆனால் அந்த ஒப்பீட்டை விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. அங்கே அது பிறர் சம்பாதித்த நம்பிக்கையில் சவாரி செய்வது, சட்டச் சிக்கலும் கூட.

நகல் என்று வசை வரும்போது

வரும். கிரிஷ் மாத்ருபூதம் 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கியதற்கு ஒரு தூண்டுதல், வாடிக்கையாளர் சேவை மென்பொருள் விற்கும் ஜென்டெஸ்க் விலையை ஏற்றியபோது இணையத்தில் எழுந்த வாடிக்கையாளர்களின் கோபம். அடுத்த ஆண்டே அது மலிவான நகல் என்று ஒரு விமர்சகர் எழுத, ஜென்டெஸ்க்கின் தலைவரும் அந்தப் பேச்சில் சேர்ந்துகொண்டார். ஃப்ரெஷ்டெஸ்க் வக்கீல் நோட்டீஸ் அனுப்பவில்லை. 'ரிப்ஆஃப் ஆர் நாட்' (காப்பியா, இல்லையா) என்ற பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்து, குற்றச்சாட்டையும் தன் பதிலையும் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தது. அதுவரை அந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்களும் கேள்விப்பட்டார்கள். 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம், ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில், அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. இப்படிப் பதில் சொல்ல முடிந்ததற்குக் காரணம் வாய்ச்சாதுரியம் மட்டும் இல்லை, காட்டுவதற்குச் சொந்தமாகக் கட்டியது கையில் இருந்தது.

போட்டி நகல்களுக்கு இடையிலேயே மூளும்போது நிலைமை வேறு. குரூப்பானைப் பார்த்துச் சீனாவில் ஆயிரக்கணக்கான தளங்கள் கிளம்பின. சீன இணைய நிறுவனமான டென்சென்ட்டுடன் கைகோத்து 2011இல் வந்த குரூப்பானின் சொந்த முயற்சியே அங்கே தோற்றது. எஞ்சி நின்றது வாங் சிங் 2010இல் தொடங்கிய மெய்துவான். அவர் அதற்கு முன்பு ஃபேஸ்புக்கைப் பார்த்தும் ட்விட்டரைப் பார்த்தும் தளங்கள் கட்டியவர். பயன்படுத்தாமல் காலாவதியான கூப்பனின் பணம் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே தளத்துக்கு லாபமாக நின்றுகொண்டிருந்த ஒரு தொழிலில், 2011 மார்ச்சில் மெய்துவான் அந்தப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. மற்றவர்கள் விளம்பரப் பலகைகளில் பணத்தைக் கொட்டிக்கொண்டிருந்தபோது எடுக்கப்பட்ட முடிவு அது. நகலெடுப்பவர் அசலின் கணக்கில் தேட வேண்டிய இடமும் இதுதான்: வாடிக்கையாளரின் மறதியிலோ அறியாமையிலோ வரும் வருமானம் எங்கே இருக்கிறதோ, அதைக் கைவிட்டாலும் நம் கணக்கு நிற்குமா என்று பார்க்க வேண்டும்.

கடைசியில் விற்கத்தான் நேர்ந்தால், பேரம் பேசுவதற்கு முன்பு மூன்று கணக்குகளை முடித்து வையுங்கள். கடைக்காரர்களுக்கும் டெலிவரி ஊழியர்களுக்கும் தர வேண்டிய பாக்கியைக் கையெழுத்துக்கு முன்பே தீர்த்துவிட வேண்டும். வாங்குபவர் தருவார் என்று விட்டால் பெரும்பாலும் அது வராது. ஊழியர்களுக்கு வாக்களித்த பங்குகள் விற்பனையின்போது எப்படிப் பணமாகும் என்பதை அவர்கள் சேரும்போது தந்த கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் வாங்குபவர் கைக்குப் போகுமானால், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதில் வைத்து அவர்களுக்கு முன்கூட்டியே தகவல் தந்து, கணக்கை அழித்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு ஒரு மாத அவகாசமாவது கொடுக்க வேண்டும்.